திருநீறு பூசிய படகு என்ஜின்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம். கொடுமுடிக்குச் சற்று மேலே, காவிரிக் கரையில் ஒரு படகுத்துறை. இன்றைக்கோ நாளைக்கோ மேட்டூரில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஆறு அப்போது ஆறாகவே இல்லை. பாறையும் மணலுமாகக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு பச்சை நீர்ப்பட்டை, போவதா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல நகர்ந்துகொண்டிருந்தது.

நான் கோயம்புத்தூரில் ஆயில் என்ஜின் விற்கும் ஒரு கடையில், சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தேன். தோட்டம் தோட்டமாகப் போய், கிணற்று மேட்டில் நின்றுபோன என்ஜின்களை ஓட்டிவிட்டு வருவது வேலை. கரன்ட் மோட்டார் எல்லா ஊருக்கும் வந்தபிறகு அந்த வேலை சுருங்கிப் போயிற்று. பெயர்தான் சர்வீஸ், நிஜத்தில், பழையதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் புதியதற்கு ஆர்டர் வாங்கி வருவதற்குத்தான் எங்களை அனுப்பினார்கள். அதில் நான் கெட்டிக்காரன். உதட்டைப் பிதுக்குவதிலேயே நாலைந்து வகை வைத்திருந்தேன்.

அந்தத் துறையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்திருந்தது. 'படகு என்ஜின் புகைக்கிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா, ஆள் அனுப்பிப் பார்த்துச் சொல்லவும்.' அவ்வளவுதான். ஈரோடு போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, கடைசி இரண்டு மைல் நடந்து, தோளில் ஸ்பேனர் பையோடு நான் துறையில் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும்.

படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தது ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அப்படியே இங்கும் சொல்கிறேன். படகைத் திருப்பும் கட்டை அவருடைய வீட்டுக்காரர் கையில். ஆள் அதிகம் பேசமாட்டார். தலையில் கட்டிய துண்டை எதற்கும் அவிழ்க்காதவர். கணக்கு, குத்தகை, ஆட்களை ஏற்றுவது இறக்குவது, சண்டை சமாதானம் எல்லாம் அக்காதான். இருபது வருஷமாக இந்தக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் சனங்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் மூங்கில் கழி ஊன்றியே படகைத் தள்ளிவிடலாம். மேட்டூர் திறந்துவிட்டால் கழி எட்டாது, என்ஜின் ஒன்றுதான் கதி. அது இல்லையென்றால் எதிர்க்கரைச் சனங்கள் பாலம் இருக்கும் ஊர்வரை சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறித்தான் வரவேண்டும்.

என்ஜினைப் பார்த்தேன். ஐந்து குதிரைச் சக்தி, ஒற்றை சிலிண்டர், இருபக்கமும் கனமான சக்கரம். கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்காகச் செய்த என்ஜினை, கரன்ட் வந்ததும் தூக்கிவந்து படகின் நடுவில் இரண்டு மரச்சட்டங்களின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஓடியது. கரும்புகை. சத்தத்தில் ஒரு மூச்சு வாங்கல். நிறுத்தச் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தேன். நல்ல என்ஜின் கொம்பால் முட்டும் காளைபோலத் திருப்பித் தள்ள வேண்டும். இது நான் சொன்னபடியெல்லாம் வளைந்து கொடுத்தது. கீழே பித்தளைத் தகட்டில் நம்பரைத் துடைத்துப் பார்த்தேன். எனக்கு மூத்த நம்பர்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, உதடு பிதுக்கலில் இரண்டாவது வகையைப் போட்டு, மாற்றிவிடுங்கள் என்றேன்.

படகில் ஏறக் காத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கரையில் இருந்தார்கள். அதில் ஒருவர், துறையில் டீக்கடை வைத்திருப்பவர், பக்கத்தில் நின்றவரிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"கோயமுத்தூர்ல இருந்து டாக்டரு வந்திருக்காருங். கையப் புடிச்சுக்கூடப் பாக்கலீங், ஒறம்பரைக்கு ஆள் சொல்லியுடச் சொல்லிப்போட்டாரு."

ஒறம்பரை என்றால் சொந்தபந்தம், சாவுக்குச் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டேனாம். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"தெறந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க தம்பி. தெறக்காமச் சொல்றதுக்கு நீங்க தபால்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. சட்டையைக் கழற்றிப் புங்கமரத்துக் கிளையில் மாட்டினேன். என்ஜினைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிரிக்கப் பிரிக்கக் கூட்டம் சேர்ந்தது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. சைக்கிளில் வந்தார்கள், வரப்பில் நடந்து வந்தார்கள், எதிர்க்கரையிலிருந்து ஆழமில்லாத இடம் பார்த்து முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும்போது வராந்தாவில் நிற்பார்களே சொந்தக்காரர்கள், அந்த நிற்பு. யாரும் இடைஞ்சல் செய்யவில்லை. ஆனால் நான் சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்தவுடன், பால் கேனோடு நின்றிருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்து குனிந்து, அதைக் கையால் தடவினார். அது எங்கள் வீட்டு ஹெட்டு என்றார். அவர்கள் கிணற்றுக்குக் கரன்ட் வந்த வருஷம் கொடுத்ததாம். மாமனார் முதலில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, பிறகு தானே தோளில் வைத்துத் தூக்கி வந்தாராம்.

நான் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனேன். சக்கரத்தைக் கழற்றினோம். ஒரு மஞ்சள் விவசாயி செருமினார். இடது சக்கரம் எங்களுடையது, வலது எங்கள் மச்சானுடையது என்றார். டீசல் டேங்க் இன்னொருவர் வீட்டது. பிஸ்டன் எதிர்க்கரையில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவருடையது. டீக்கடைக்காரர் சைலன்சரைக் காட்டி, அது என்ஜின் சாமானே இல்லை, என் கடைப் பழைய பாய்லரின் குழாய் என்று பெருமையாகச் சொன்னார்.

நான் ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எப்படிச் சொல்வது? அதுவரை ஒரு பழைய என்ஜினைத்தான் பிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். மணலில் விரித்த சாக்குகளின்மேல் ஐம்பது அறுபது துண்டுகள் கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றார். வெவ்வேறு கிணறுகளில் வெவ்வேறு அதிகாலைகளில் டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்த என்ஜின்கள். கரன்ட் வந்ததும் ஊமையாகித் தோட்டத்துக் கொட்டகையான சாளையில் கிடந்தவை. ஒவ்வொன்றும் தன்னிடம் நன்றாக இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போயிருக்கிறது. அப்படி நதியின் இரண்டு கரையும் சேர்ந்து செய்த ஒரு என்ஜினைத்தான் நான் நம்பர் தகட்டைத் துடைத்துப் பார்த்துக் கழித்துக் கட்டினேன். மாற்றுங்கள் என்றேனே, அவர்கள் இருபது வருஷமாக மாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

இதில் உங்களுடையது எது என்று அக்காவிடம் கேட்டேன். பாடியும் கிராங்கும் மட்டுந்தாங்க எங்குளுது என்றார். கிராங்க் என்றால் உள்ளே சுழலும் பெரிய தண்டு. பிஸ்டனின் குதிப்பைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். என்ஜினுக்கு முதுகெலும்பு.

கோளாறு சின்னதுதான். பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகளும், அது ஓடும் லைனர் குழாயும் தேய்ந்துபோயிருந்தன. ஈரோட்டில் வாங்கிவந்து போட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும். என் முதலாளியின் முகம் ஒரு கணம் வந்து போயிற்று, ஆனால் நான் அப்போது வேறு உலகத்தில் இருந்தேன். ரிப்பேர் செய்தால் போதும், புதியது வேண்டாம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். ஒரு சந்தோஷம் பரவியது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ போடப் போனார். டாக்டர் பிழைக்க வைத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அக்கா மட்டும் நகரவில்லை.

"எல்லாம் பாத்தாச்சுங்களா தம்பி?"

பார்த்தாயிற்று என்றேன். கிராங்கு? என்று கேட்டார். அதில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் கிராங்கின் பக்கத்தில் போய் நின்றார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வித்தையைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஆமாம், வித்தை காட்டத்தான் செய்தேன். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. சீமெண்ணெயில் நன்றாக ஊறவைத்து, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைப் பூச வேண்டும். மரச்சுத்தியால் லேசாகத் தட்ட வேண்டும். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வந்து, வெள்ளையில் கோடு போடும். வழக்கமாகச் சாக்பீஸ் தூள் போடுவோம். கிராங்கை ஊறவைத்துத் துடைத்துவிட்டுப் பையில் தேடினால் சாக்பீஸ் இல்லை. பள்ளிக்கூடம் எதிர்க்கரையில். என்ன செய்வதென்று நான் விழித்தபோது, அந்த மஞ்சள் விவசாயி இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தார். பழனித் திருநீறு.

"இது ஆகுங்களா?"

ஆகும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவரே கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மூன்று விரலால் அள்ளிக் கிராங்கின்மேல் தூவினார். நான் துணியால் பரப்பினேன். குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியவரைப் போல அந்த இரும்பு வெளேரென்று கிடந்தது. மரச்சுத்தியால் தட்டினேன். அலட்சியமாகத்தான். தட்டிவிட்டு டீ வாங்கக் கையை நீட்டினேன்.

டீ டம்ளர் என் கைக்கு வந்தது. அக்காவின் பார்வை அசையவில்லை. அதைத் தொடர்ந்து நானும் பார்த்தேன்.

கிராங்கின் தோள்போல வளையும் இடத்தில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மயிரிழை எழுந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு நகக்கீறல் நீளம். பிறகு அரை விரல். சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், தானாக வளர்ந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் இத்தனை பேர் காலடியில் சுழன்றிருக்கிறது. தண்டின் சுற்றளவில் பாதிக்கு வந்து, நின்றது.

டீயைக் குடிக்காமல் மணலில் வைத்தேன். காலையில் மாற்றச் சொன்னவனும் நானே, மத்தியானம் வேண்டாமென்று சொன்னவனும் நானே. இரண்டு தடவையும் நான் கிராங்கைப் பார்க்கவே இல்லை. முதல் தடவை நம்பரைப் பார்த்தேன், இரண்டாவது தடவை சனங்களைப் பார்த்தேன். பெருவெள்ளத்தில், முப்பது பேரோடு, நட்டாற்றில் அது முறிந்திருக்கும். 'ஓடும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கோயம்புத்தூரில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

கூட்டத்தில் ஒருவர், இருபது வருஷம் ஓடியது இன்னும் ஒரு மாதம் ஓடாதா என்று இழுத்தார். அக்கா திரும்பாமலே சொன்னார்.

"ஓடுமுங்க. நிக்கறப்ப எந்த எடத்துல நிக்குமுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, நாளைக்கே ஓட்டறேன்."

புதிய என்ஜின் என்றால் எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். இப்போது வருவதெல்லாம் வேகமாகச் சுற்றும் மாடல். இந்தச் சட்டத்தில் உட்காராது. தண்ணீரைத் தள்ளும் விசிறி முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மூன்று வாரம். அதற்குள் ஆறு நிரம்பிவிடும். இந்த மாடலுக்குக் கிராங்க் செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெளியூர்க்காரன் கேட்கிற கேள்வி.

"இதே மாடல் என்ஜின் இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் இல்லீங்களா? முழுசா?"

அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். அதுவரை ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த நாற்பது பேரும் சொல்லி வைத்ததுபோல ஆற்றைப் பார்த்தார்கள். பால்கார அம்மாள் கேன் மூடியைத் திறந்து மூடினார். அக்காவின் வீட்டுக்காரர் துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டு, கழியை எடுத்துக்கொண்டு படகின் மறுமுனைக்குப் போனார். பார்க்கலாமுங்க என்றார் அக்கா. கூட்டம் கலைந்தது.

விஷயத்தைச் சாயங்காலம் டீக்கடைக்காரர்தான் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பெரியப்பா மகன். அண்ணன் முறை. அரை மைல் மேலே தோட்டம். இருவருடைய அப்பாக்களும் ஒரே நாளில், ஒரே லாரியில், கோயம்புத்தூரிலிருந்து இரண்டு என்ஜின்கள் வாங்கி வந்தார்களாம். ஒன்று படகுக்கு வந்தது. மற்றது அவருடைய சாளையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் துடைத்துப் பொட்டு வைத்து அரைமணி நேரம் ஓட்டுவார். அந்தச் சத்தம் துறைவரை கேட்கும். பொதுக்கிணற்றில் முறைத்தண்ணீர் விட்டதில் தகராறு. பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்கு இந்த வீட்டு வாசலை அவரோ அந்த வீட்டு வாசலை இவர்களோ மிதித்ததில்லை. அக்கரைக்கு வேலை இருந்தால் அவர் பஸ்ஸில் சுற்றித்தான் போவார், இந்தப் படகில் கால் வைக்க மாட்டார். ஊரே சாமான் கொடுத்த என்ஜினில் அவருடைய ஆணி ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கேட்டாக் குடுத்துப்போடுவாருங். அதுக்குப் பயந்துதான் கேக்கமாட்டீங்கறாங்."

இரவு அக்கா வீட்டில் சாப்பாடு. யாரும் கிராங்கைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடலாம், கடையில் சொல்லிப் புதிய என்ஜினை எப்படியாவது இரண்டு வாரத்துக்குள் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் பையை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்தபோது, ஒரு மொபெட் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய சாக்குமூட்டை. அந்தக் கனத்தில் மொபெட்டின் முன்சக்கரம் தரையில் பாவாமல் தத்தளித்தது. நிறுத்தி, மூட்டையை இறக்கி, மணலில் வைத்து, சாக்கைப் பிரித்தார். கிரீஸ் பூசிய ஒரு கிராங்க். அச்சு அசல் அதே தண்டு. சேதி எப்படியோ அந்தத் தோட்டத்துக்கு எட்டியிருக்கிறது.

அக்காவும் வீட்டுக்காரரும் படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் அவருக்கும் இடையில் நாலடி தூரம். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லுங்க. சக்கரத்துக்குக் கீ போடற காடி கொஞ்சம் தேஞ்சிருக்குது. புதுசா ஒரு கீ ராவிப் போட்டுக்கச் சொல்லுங்க."

கீ என்றால் சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்கும் ஆப்பு, காடி அது உட்காரும் பள்ளம். நான் அக்கா பக்கம் திரும்பி, காடி தேய்ந்திருக்கிறதாம், புதுக் கீ போட வேண்டுமாம் என்றேன். அக்கா என்னிடம், சாப்பிட்டுட்டு வந்தாங்களான்னு கேளுங்க என்றார். நான் இந்தப் பக்கம் திரும்பினேன். சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க என்றார் அவர். அந்தப் பக்கம் திரும்பினேன். பெரியவனுக்கு உடம்பு தேவலையான்னு கேளுங்க. இந்தப் பக்கம். தேவலைன்னு சொல்லுங்க, பள்ளிக்கூடம் போறான். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துகொண்டிருப்பது தெரிந்தது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். இருவரும் என் முகத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்கள். ஒரு கம்பம்போல நடுவில் நின்றால் போதும், அதுதான் என் வேலை.

பிறகு அவர் சொன்னார்.

"நேத்துப் பார்த்தாப்பல இதையும் திண்ணூறு போட்டுப் பாத்துப்போடுங்க. எல்லாரும் இருக்கறப்பவே பாத்துப்போடுங்க."

மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. சீமெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, இம்முறை ஓர் அங்குலம்கூட விடாமல் நானே தூவினேன். சுத்தியால் தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன். எல்லோரும் குனிந்தோம்.

பத்து நிமிஷம் போதும் இதற்கு. நாங்கள் அரைமணி நேரம் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கட்டெறும்பு அந்த வெள்ளையின்மேல் ஏறித் தடம் பதித்துக்கொண்டு போக, கோடு என்று நினைத்து யாரோ மூச்சை இழுத்தார்கள். எறும்பு இறங்கிப் போயிற்று. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ கோயிலில் தீபாராதனைக்கு நின்றிருக்கிறேன். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக அத்தனை பேர் அப்படி மூச்சுப் பிடித்து நின்றதை வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவ்வளவுதான். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

மஞ்சள் விவசாயி முதலில் நிமிர்ந்தார். சுத்தமுங்க என்றார்.

கிராங்க் கொண்டுவந்தவர் மொபெட்டை நோக்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஓடுகிற நல்ல என்ஜினைப் பிரித்துக் கிராங்கை உருவினால் அது அதோடு முடிந்தது. வெறும் பாடியும் சக்கரமும்தான் மிஞ்சும். ஆயுதபூஜைக்கு எதை ஓட்டுவார்? ஏனுங்க, ஓடற என்ஜினைப் பிரிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே என்று கேட்டேன். அவர் கேரியர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, படகுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு நீச்சல் தெரியாதுங்க தம்பி."

எனக்கு விளங்கவில்லை. யாருக்கு என்றேன். படகின் முனையில் துண்டு கட்டிய தலையைக் கண்ணால் காட்டினார்.

"சின்னதுல கெணத்துல நாந்தான் இடுப்புல மெதக்கற சொரப்புருடை கட்டிக் கத்துக்குடுக்கப் பார்த்தேன். ஆறு மாசம் பார்த்தேன், வரலை. வெளிய சொல்லிப்போடாதீங்க, பொழப்புப் போயிரும்."

இருபது வருஷமாகக் காவிரியில் சனங்களைக் கொண்டுபோய் விடுகிறவருக்கு நீச்சல் தெரியாது. ஊருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே பங்காளியோ பதினொரு வருஷமாகப் பேசாதவர். எத்தனை சண்டையில், எத்தனை பேர் முன்னால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அவரை ஒழித்துக்கட்டியிருக்கலாம். சொல்லவில்லை. எத்தனை வெள்ளக்காலத்தில் அரை மைல் மேலே தோட்டத்தில் நின்றுகொண்டு, அந்த என்ஜின் சத்தம் நடு ஆற்றைத் தாண்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பார்? அதை நான் கேட்கவில்லை.

அவர் உடனே போய்விடவும் இல்லை. கிராங்கைப் பாடிக்குள் இறக்கி, நான் ஈரோடு போய் லைனரும் ரிங்குகளும் வாங்கி வந்து, எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சக்கரம். ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் நான் குனிவதற்குள் இன்னொரு கை வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தூக்கு என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் அந்த இரும்பு மேலே போயிற்று. ஒரு மயிரிழை சாயாமல் தண்டின் முனையில் போய் உட்கார்ந்தது. இருவரும் கையை எடுத்தார்கள். அவர் அந்த மண்ணிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வந்தது.

வருவதற்கு முன்பே வாசனை வந்தது. காய்ந்த மண் நனையும் வாசனை. பிறகு மேலே எங்கோ ஒரு முணுமுணுப்பு. நுரையும் சருகும் செத்தைகளும் சுமந்துகொண்டு ஒரு பழுப்பு விளிம்பு பாறைகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல்திட்டு போயிற்று, துறையின் கடைசிப் படி போயிற்று, நேற்று நாங்கள் சாக்கு விரித்த இடம் போயிற்று. கரைக்குக் கரை காவிரி. அதன் அகலத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கறுப்புக் கோடு ஞாபகம் வந்தது.

சுழிப்பு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அக்கா படகை எடுக்க விட்டார். முதல் நடையில் ஆள் ஏற்றவில்லை. வீட்டுக்காரர், அக்கா, நான். பூட்டியவன் நானில்லையா, நான் ஏறாமல் யார் ஏறுவது. ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்று. என்ஜின் பிடித்தது. புகை இல்லை. சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. படகு தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து, சாய்ந்து, நிமிர்ந்து, நடு ஆற்றை நோக்கித் திரும்பியது. சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. பலகை வழியாக அந்தத் துடிப்பு என் உள்ளங்காலில் ஏறியது. திருப்புக்கட்டையைப் பிடித்திருந்த அந்த மனிதரைப் பார்த்தேன். இரண்டு முழங்காலையும் பலகையில் அண்டக் கொடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் எதிர்க்கரையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றிருப்பார். அவ்வளவு பெரிய ஆற்றின்மேல் அவ்வளவு பயத்தோடு தினமும் நிற்க ஒருவரால் முடிகிறது என்பது, ஆற்றைவிடப் பெரிதாக எனக்குத் தெரிந்தது.

பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். துறையில் கூட்டம். கூட்டத்திலிருந்து தள்ளி, மேட்டின்மேல், மொபெட்டில் சாய்ந்தபடி ஓர் உருவம். முகம் தெரியாத தூரம். அக்காவும் பார்த்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரும் திரும்பவில்லை, ஆனால் எதிர்க்கரை தட்டியதும், யாரும் கேட்காமலே, என்ஜினை நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை முறுக்கி, சத்தத்தை ஏற்றி இறக்கினார். மேட்டிலிருந்த உருவம் மொபெட்டில் ஏறியது. அன்றைக்கு அக்கரையில் அவருக்கு ஏதோ வேலை இருந்ததாம். பஸ்ஸில் சுற்றித்தான் போனார் என்று டீக்கடைக்காரர் பின்னால் சொன்னார்.

ஆர்டர் இல்லாமல் கோயம்புத்தூர் திரும்பினேன். முதலாளி திட்டினார், திட்டட்டும். அதற்குப் பிறகு திறந்து பார்க்காமல் நான் எந்த என்ஜினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அது தொழில் சமாசாரம், பெரிய விஷயமில்லை. எனக்குள் இறங்கி நின்றுவிட்டது வேறு. யாராவது ஒருவர், 'அவருக்கும் எனக்கும் பல வருஷமாகப் பேச்சே கிடையாது' என்று சொன்னால், இன்றுவரை என்னால் அதை உடனே நம்பிவிட முடிவதில்லை.